ஆள் அளவு வெயில்

சுரைக்குளம் விலக்கில் நின்ற வாகை மரத்தை வெட்டித் துண்டு போட்டு மூன்று டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் அதன் நிழல் மட்டும் போகவில்லை. மரம் இருந்தபோது காலையில் எப்படி மேற்கே நீண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கால் வரை வந்து கிடந்ததோ அப்படியே வந்து கிடந்தது, உச்சிப்பொழுதில் எப்படி வட்டமாகக் கூடி நின்றதோ அப்படியே கூடி நின்றது, காற்று வீசினால் தரையில் இலைகள் அசைந்தன, காய்ந்த காய்களின் நிழல்கள் ஒன்றோடொன்று உரசின. காகங்கள்தான் பழைய நினைப்பில் பறந்து வந்து, கிளை இருந்த உயரத்தில் காலை நீட்டி, பிடிக்க ஒன்றும் அகப்படாமல் தடுமாறி மின்கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் இடத்தை அந்தப் பக்கத்தில் விலக்கு என்பார்கள். சாலையை அகலப்படுத்த நட்ட அளவுக் கல்லுக்குப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் மரம் நின்றது. அதை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் ஊராட்சித் தலைவர் சீமைச்சாமி புது வீடு கட்டிக்கொண்டிருந்தார், நிலைக்கும் கதவுக்கும் வாகைப் பலகை கேட்டார், மரம் உள்ளே பொக்கையாகிவிட்டது, பஸ் மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்று எழுதி அனுப்பினார், மேலே இருந்தவர்கள் வந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபமணி மட்டும் மூன்று மனு எழுதினாள். மூன்றுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. மூன்றாவது பதில் வந்த அன்று மரம் வெட்டும் முத்துராக்கு மெஷின் ரம்பத்தோடு வந்து நின்றான். வெட்ட வெட்ட, கருப்பட்டி நிறத்தில் வைரம் பாய்ந்து கெட்டியாகத்தான் இருந்தது உள்ளே. அவன் அதைப் பார்த்தான், ரம்பத்தை ஒரு நிமிஷம் நிறுத்தினான், பிறகு மறுபடி ஓட்டினான்.

மறுநாள் காலையில் முதலில் கண்டுகொண்டவை ஆடுகள். காலனியிலிருந்து ஆறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த இருளாயி, அவை வழக்கம்போல் நிழலில் போய்ப் படுத்ததைப் பார்த்து, தானும் வழக்கம்போல் போய் உட்கார்ந்து, வெற்றிலையை எடுத்து வாயில் போட்ட பிறகுதான் மேலே பார்த்தாள். இலை இல்லை, கிளை இல்லை, வெறும் வானம். கிழக்கே சூரியன் முட்டைக்கரு மாதிரி கண் கூசாமல் தெரிந்தது. அந்த நேரம் ஏழே முக்கால் பஸ்ஸிலிருந்து தடுப்பூசிப் பெட்டியோடு இறங்கிய ஜெபமணி அவளருகில் வந்து நின்றாள்.

"என்ன இருளாயி இது?"

"மரத்துக்குத் தெரியும்ல நர்சம்மா, நம்ம எங்கன போய் நிப்போம்னு. அதான் இத வச்சுட்டுப் போயிருக்கு."

ஜெபமணி பெட்டியைக் கீழே வைத்தாள். நேற்றிலிருந்து யாரையாவது திட்ட வேண்டும் என்று நெஞ்சுக்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் குளிர்ச்சியில் தளர்ந்து இறங்குவதை உணர்ந்தாள். "ஆண்டவரே, இவங்களுக்கு இதுவும் குடுக்கிறீரே" என்று மட்டும் சொன்னாள், அதில் நன்றி பாதி, எரிச்சல் பாதி.

கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, நிழலை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது, அது மரத்தைச் சேர்ந்ததா நிலத்தைச் சேர்ந்ததா என்று தாசில்தாருக்கு எழுதினார். தாசில்தார் வந்து சங்கிலி போட்டு அளந்தார், அளந்து முடிப்பதற்குள் அது நகர்ந்துவிட்டதால் மறுபடி அளந்தார். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வெப்பமானி கொண்டுவந்து வெளியே ஒரு தரம் உள்ளே ஒரு தரம் வைத்துப் பார்த்துப் பதினோரு டிகிரி வித்தியாசம் என்று குறித்துக்கொண்டார், அப்புறம் முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நாலு மணி வரை அங்கேயே தூங்கிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. இருக்கிறது, அவ்வளவுதான்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது, வெயில் ஏற ஏற ஆட்களும் வந்தார்கள். பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள், நூறு நாள் வேலைக்குக் கண்மாய் வெட்டுகிறவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள், பாஷை தெரியாத லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து துண்டு விரித்தார்கள், காலனிக்காரர்களும் ஊர்க்காரர்களும் இன்ன இடம் இன்னாருக்கு என்றில்லாமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள், இலை நிழல் எல்லார் முதுகிலும் ஒரே மாதிரிதான் ஆடியது. துணை சுகாதார நிலையத்தின் தகரக் கூரைக்குக் கீழே குழந்தைகள் வெந்துபோகின்றன என்று ஜெபமணி புதன்கிழமைத் தடுப்பூசியை அங்கே மாற்றினாள். ஊசி குத்தும்போதும் பிள்ளைகள் ஒரு சிணுங்கலோடு நிறுத்திக்கொண்டன.

முத்துராக்குவின் மனைவி பாண்டிச்செல்வியும் வந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டாகி ஐந்து மாசம் நடந்துகொண்டிருந்தது. காலில் வீக்கம். மத்தியானமெல்லாம் நிழலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முத்துராக்கு அவளைக் கொண்டுவந்து விடுவான், தான் உள்ளே வரமாட்டான், விளிம்பில் வெயிலிலேயே நிற்பான். ரெண்டு வாரம் அப்படியே நின்றான். ஒருநாள் இருளாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஏலேய், உள்ள வந்து உக்காரு. ஆடு மாட்டக்கூட ஒண்ணும் கேக்கல அது. உன்னையவா கேக்கப்போகுது?"

அவன் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இப்படியே விட்டிருக்கலாம். ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி போட வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும். ஆனால் உரிமைக்காரன் இல்லாமல் ஒரு பொருள் நடு விலக்கில் கிடப்பதைச் சீமைச்சாமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மரத்தின் அடிக்கட்டை இருந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி நிழலாண்டவர் என்று பெயர் வைத்தார், சுற்றிலும் சிமெண்டு மேடை கட்டினார், முத்துராக்குவுக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்துக் காவலுக்கு வைத்தார். மாசாமாசம் சம்பளம், பிள்ளை வேறு வரப்போகிறது, அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் இருளாயியின் ஆடு ஒன்று கல்லுக்குச் சாத்தியிருந்த மாலையைத் தின்றுவிட்டது.

"அவளக் கிளப்பு" என்றார் சீமைச்சாமி. "ஆட்ட மட்டுமில்ல. அவளையும். அந்தத் தெருக்காரங்க எல்லாம் இனிமே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும்."

"தலைவரே, அது வாயில்லா சீவன்..."

"நான் சொல்றது உனக்குக் கேக்கலையா?"

முத்துராக்கு விசிலை ஊதினான். இருளாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள், உள்ளே வந்து உட்காரு என்று அவனைக் கூப்பிட்ட அதே இடத்திலிருந்து எழுந்தாள், சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போனாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெயில் விழுந்தது. சம்மணமிட்டு ஒரு பொம்பளை உட்கார்ந்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு இடத்தில், அதே வடிவத்தில், சுள்ளென்று. பக்கத்தில் ஆறு சின்ன வெயில், ஆடுகள் படுத்திருந்த மாதிரியே. நிழல் நகர்ந்தபோது அந்த ஓட்டைகளும் கூடவே நகர்ந்தன. வெளியே அடிக்கிற வெயிலை விட அந்த ஓட்டைகளுக்குள் அடித்த வெயில் கடுமையாக இருந்தது, கை வைத்தால் பொசுக்கியது.

மறுநாள் லாரிக்காரர்களை விரட்டினார்கள், பீடி பிடிக்கிறார்கள் என்று. காலை நீட்டிப் படுத்திருந்த அளவில் நீள நீளமாக வெயில் விழுந்தது. அடுத்த வாரம் கண்மாய் வேலைக்காரர்களை, மண் காலோடு மேடையில் ஏறுகிறார்கள் என்று. பிறகு போன தேர்தலில் எதிர்க்கட்சிக்கு வேலை பார்த்தவர்களை. பிறகு மாதவிலக்காகித் தூரமான பெண்களை, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கென்றே மேடையில் ஒரு அம்மாளை உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் அளவுக்கு வெயில் இறங்கியது. ஊரார் அதற்கும் பழகிக்கொண்டார்கள். ஓட்டைக்கு மேலே நாலு கம்பு ஊன்றிப் பழைய கட்சி ஃப்ளெக்ஸ்களைக் கட்டினார்கள். நிழல் நகர நகரக் கம்புகளையும் பிடுங்கிப் பிடுங்கி நட வேண்டியிருந்தது, அதற்கென்று நாலு ஆள் போட்டார்கள். ஃப்ளெக்ஸ் காய்ந்து சுருண்டு நாறியது. இன்னும் கெட்டித் துணியாக வாங்குவோம் என்று தீர்மானம் போட்டார்கள்.

ஜெபமணிக்கு இது என்ன நோய் என்று பிடிபட மூன்று வாரம் ஆனது. பிடிபட்டதும் நேராகக் காலனிக்குப் போய், வரமாட்டேன் என்ற இருளாயியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அத்தனை பேர் முன்னாலும் அந்த வெயில் ஓட்டைக்குள் உட்கார வைத்தாள். அவள் உட்கார்ந்த மாத்திரத்தில் தண்ணீர் ஊறுவதுபோல் நாலு பக்கமிருந்தும் நிழல் ஊறி வந்து ஓட்டை மூடிக்கொண்டது. இலைகள் அசைகிற நிழல் அவள் தோளில் விழுந்தது.

"பாத்தீங்களா?" ஜெபமணி சீமைச்சாமி பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா தலைவரே? எவ்வளவு லேசு பாருங்க. விரட்டுனவங்களக் கூப்பிடுங்க, அவ்வளவுதான். கர்த்தர் இத நல்லதாத்தான் குடுத்திருக்கார். ஒரு ஆள எழுப்பி விட்டா அந்த ஆளுக்குள்ளத அவர் எடுத்துக்கிறாரு."

சீமைச்சாமி பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

"சரிதான்" என்றார் கடைசியில். "அப்ப இவ இந்த ஓட்டையில மட்டும் வந்து உக்காந்துட்டுப் போகட்டும். தினம் காலையில வரணும். மேடையத் தொடக்கூடாது. ஆடு கூடாது. பக்கத்துல உள்ளவங்க ரெண்டு முழம் தள்ளி உக்காந்துக்கங்கப்பா."

பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். இருளாயியைச் சுற்றி, அவளைத் தொடாமல், வளையம் போல் வெயில் விழுந்தது.

"ஓட்டைய அடைக்கிற துணியா நான்?" என்று எழுந்தாள் இருளாயி. "நீங்க சொன்னீகன்னு வந்தேன் நர்சம்மா. இனிமே என்னைக் கூப்பிடாதீக."

அன்றைக்கு ஜெபமணி ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள், கத்தினாள், நாலாவது மனு எழுதினாள். உண்மைதான் நர்சம்மா என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டு அவரவர் இடத்தை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையை மறுக்கிறவனோடு சண்டை போடலாம், தலையாட்டிவிட்டு நகராதவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த புதன்கிழமை அவளையே கிளப்பினார்கள், பிள்ளைகள் அழுகிற சத்தம் பூஜைக்கு இடைஞ்சலாம். தாய்மார்கள் எழுந்து போனதும், மடியில் கிடந்த குழந்தைகளின் அளவில், தலையும் கைகளும் தெரிய, சின்னச் சின்னதாகப் பதினாலு வெயில் விழுந்தது. அதைப் பார்த்து முத்துராக்குவின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

வைகாசியில் கத்திரி வெயில் முடிகிற வாரம் மந்திரி வருகிறார் என்றார்கள், நிழலாண்டவர் அரங்குக்கு அடிக்கல். சுற்றிக் கயிறு கட்டி, மிச்சமிருந்த நிழலில் நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டினார்கள். காலை பதினோரு மணிக்குப் பாண்டிச்செல்வி துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள், எட்டு மாசம், தலைவலி தாங்கவில்லை, கண் மங்குகிறது என்றாள். ஜெபமணி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உடனே நூற்றெட்டுக்கு அடித்தாள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, ஆனால் மந்திரி வண்டிகள் ரெண்டு பக்கமும் நிற்பதால் விலக்குக்கு உள்ளே வர வழியில்லை, பெரிய சாலைக்குக் கூட்டிவாருங்கள் என்றார்கள். ஒரு தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டு ஜெபமணி அரைக் கிலோமீட்டர் நடந்தாள். நிற்க ஒரு இடம் வேண்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் தார் உருகிக் கிடந்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு முத்துராக்கு நின்றான்.

"கயித்தத் தூக்கு" என்றாள் ஜெபமணி. "உக்காத்தணும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்."

மூன்றாவது வரிசையில் பதினோரு நாற்காலி காலியாகக் கிடந்தது, பெயர் ஒட்டியிருந்தது, ஆள் வரவில்லை. முத்துராக்கு அந்த நாற்காலிகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மேடையைத் திரும்பிப் பார்த்தான். மேடையிலிருந்து சீமைச்சாமி கையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்று.

"அஞ்சு நிமிசம்" என்றான் முத்துராக்கு. "அஞ்சே நிமிசம் பொறுத்துக்க செல்வி. மந்திரி பேசி முடிச்சிருவாரு."

"உன் பொண்டாட்டிடா அவ! வயித்துல கெடக்கிறது உன் பிள்ளைடா!"

"மெதுவாப் பேசுங்க நர்சம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

பாண்டிச்செல்வி கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினாள், கை போய்ச் சேருவதற்குள் உடம்பு வெட்டி இழுத்தது, அப்படியே தாரின் மேல் சரிந்தாள்.

அப்போதுதான் நிழல் எழுந்தது. சாப்பிட்டு முடித்தவர்கள் பாயின் ஓரத்தைத் தூக்கி உதறுவதுபோல் கிழக்கு ஓரம் முதலில் எழும்பியது, ஓட்டை ஓட்டையாகக் கிழிந்து கிடந்த அது நாற்காலிகளின் மேலும் தலைகளின் மேலும் மெல்லத் தவழ்ந்து மேற்கே நகர்ந்து, சாலையைக் கடந்து, பருத்திக்காட்டின் மேல் ஒரு முறை படர்ந்து, அப்புறம் இல்லாமல் போனது. உச்சி வெயில் ஒரே அடியாக எல்லார் மேலும் இறங்கியது. மந்திரி ஒரு நொடி நிறுத்தினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இயற்கை நமக்கு அளித்த கொடையைப் பேணிக்காப்பது நம் ஒவ்வொருவருடைய கடமை என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இன்னும் கால் மணி நேரம் பேசினார். மண்டை கொதிக்கக் கொதிக்க எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள், நடுவில் ரெண்டு இடத்தில் கைதட்டினார்கள். ஜெபமணி தன் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தபடி, பாண்டிச்செல்வியை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்த முத்துராக்கு அவளைத் தூக்கக் குனிந்தான். "தொடாதே" என்றாள் ஜெபமணி.

தாய் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை, பெண் பிள்ளை.

நிழல் போனதற்குக் காலனிக்காரர்கள் வைத்த செய்வினைதான் காரணம் என்று சீமைச்சாமி சொன்னார், அதை நம்பினவர்களும் உண்டு. மேலூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் மரமில்லாமல் நிழல் விழுகிறதாம் என்று கேள்விப்பட்டு ரெண்டு வேனில் ஆட்கள் கயிறோடு போனார்கள், மத்தியானம் வரை அலைந்துவிட்டு முகம் கருத்துத் திரும்பினார்கள். விலக்கில் தகரக் கொட்டகை போட்டுச் சீமைச்சாமி பெயரைப் பெரிதாக எழுதினார்கள், அதன் கீழே வெளியை விடப் புழுங்கியதால் யாரும் நிற்பதில்லை. நாலாவது மனுவுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபமணி ஜெபம் செய்ய உட்கார்ந்தாள். "ஏன் எடுத்துக்கிட்டீர்னு நான் கேக்கப்போறதில்ல" என்றாள். "ரெண்டு தரம் குடுத்தீர். நாங்க ரெண்டு தரமும்..." அதற்குமேல் முடிக்காமல் எழுந்துவிட்டாள்.

ஆனியில் ஒருநாள் பாண்டிச்செல்வி பரிசோதனைக்கு வந்துவிட்டு விலக்கில் பஸ்ஸுக்கு நின்றாள். முத்துராக்கு கூடவே வந்திருந்தான், காக்கிச் சட்டை இல்லை. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவளுக்கு மேற்கே போய் நின்று, தன் நிழல் அவள் மேல் விழும்படி உடம்பைத் திருப்பிக்கொண்டான். தலையிலிருந்து கால் வரை சரியாக அவளை மூடியது.

பாண்டிச்செல்வி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டு எட்டு எடுத்து வைத்து வெயிலில் போய் நின்றாள். அவனும் ரெண்டு எட்டு நகர்ந்தான். அவள் மறுபடி விலகினாள். பஸ் வரும் வரைக்கும் இப்படியே, அந்த வெட்டவெளியில், அவன் நிழலைக் கொண்டுவந்து கொண்டுவந்து போட, அவள் வெயிலுக்குள் நகர்ந்துகொண்டே போனதை எதிர்ப்பக்கம் நின்ற ஜெபமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.